சிமுலேட்டரில் பழகி ஆலைக்கு வரும் தானியங்கிக் கட்டுப்பாடு: கிருஷ்ணகிரி, தருமபுரி ஆலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகள், ஓசூர் சிப்காட் தொழிற்கூடங்கள், தருமபுரிப் பக்கத்துச் சர்க்கரை ஆலைகள், குடிநீர் நிலையங்கள் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மாங்கூழ் லைனைப் பற்றித்தான் அதிகம் வரும். இந்தத் தொழில்நுட்பம் நம் பகுதியில் முதலில் பலன் தரக்கூடிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

சிமுலேஷனில் பழக்குவது என்றால் என்ன?

ஒரு ஸ்டீம் வால்வை இந்த நொடியில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் மென்பொருள் ஒன்று தேவை என்று வையுங்கள். அதை அசல் ஆலையில் விட்டுப் பழக்கினால், கற்றுக்கொள்ளும் வரை அது செய்யும் தப்புகள் எல்லாம் உங்கள் சரக்கின் மேல் விழும். அதனால் ஆலையின் நடத்தையைக் கணக்காக எழுதி, கணினிக்குள் ஒரு மாதிரி ஆலையைக் கட்டுகிறோம். அதுதான் சிமுலேட்டர். மென்பொருள் அதில் வால்வைத் திருப்பும். வெப்பநிலை எங்கே போகும் என்று மாதிரி கணக்குப் போட்டுச் சொல்லும். நல்ல முடிவுக்கு மதிப்பெண் கூடும், கெட்டதற்குக் குறையும். லட்சக்கணக்கான தடவை இப்படிச் செய்து பார்த்துத்தான் மென்பொருள் தேறுகிறது. இந்த முறைக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்று பெயர்.

ஆபத்தான வேலையைப் பொய்யான இடத்தில் பழகுவது பழைய வழக்கம்தான். விமானிகளுக்கான பயிற்சிக் கூண்டை அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929-இலேயே செய்துவிட்டார். அன்று கூண்டுக்குள் உட்கார்ந்து பழகியவர் மனிதர், இன்று பழகுவது மென்பொருள். வித்தியாசம் அவ்வளவே.

பி.எல்.சி.யும் பி.ஐ.டி.யும் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

பி.எல்.சி. என்பது ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி. பி.ஐ.டி. என்பது அளந்த எண்ணுக்கும் வேண்டிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வால்வைத் திருப்பும் கணக்கு முறை. பாதி ஆலைகளுக்கு இவையே போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெப்பநிலை ஆடுகிறது என்று கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் கட்டுப்பாட்டு முறை காரணமாக இருப்பதில்லை. வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கும், சென்சார் அளவுத் திருத்தம் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும், நீரானதை மட்டும் வெளியே விட வேண்டிய ஸ்டீம் டிராப் ஒழுகும். இவற்றைச் சரிசெய்து, பி.ஐ.டி. எண்களை ஒழுங்காக டியூன் செய்தாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் தீராத சிக்கல் ஒரு வகை உண்டு. ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்கள் மாறும், ஒன்று மற்றொன்றைப் பாதிக்கும், செய்ததன் விளைவு தாமதமாகத் தெரியும், சரக்கின் குணம் லோடுக்கு லோடு வேறுபடும். ஒரு பி.ஐ.டி. ஓர் எண்ணைப் பார்த்து ஒரு வால்வைத் திருப்பும். நான்கு எண்களைச் சேர்த்து யோசிப்பதற்கு அது செய்யப்படவில்லை.

இதைக் கிருஷ்ணகிரியில் ஏன் பேச வேண்டும்? பெரிய பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் சமாச்சாரம் இல்லையா?

பெரிய ஆலை வருடம் முழுக்க ஓடும். ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்க அவர்களுக்கு எப்போதும் நாளை உண்டு. மாங்கூழ் ஆலைக்கு அது கிடையாது. மே கடைசியில் தொடங்கினால் ஜூலை, மிஞ்சினால் ஆகஸ்ட். அந்த நாட்களில் கேட்டுக்கு வெளியே லோடு வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, "ஒரு மணி நேரம் லைனைக் கொடுங்கள், சோதித்துப் பார்க்கிறோம்" என்று எந்த முதலாளியிடமும் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது. பழம் காத்திருக்காது.

ஆகவே நம் ஆலைகளில் கற்றுக்கொள்ளக் கிடைப்பது லைன் நிற்கும் ஒன்பது மாதங்கள்தான், அப்போதோ பழம் இல்லை. இந்த முடிச்சை சிமுலேட்டர் அவிழ்க்கிறது. கணக்கைப் பாருங்கள்: ஒரு சீசன் 60 நாள், நாளுக்கு 20 மணி நேரம் என்றால் 1,200 மணி நேரம். நிஜத்தைவிட 200 மடங்கு வேகமாக ஓடும் சிமுலேட்டரில் அது 6 மணி நேரம். ஒரு சாதாரணக் கணினியில் ராத்திரி ஓடவிட்டுப் போனால், காலைக்குள் அந்த மென்பொருள் ஒரு முழு சீசனைக் கடந்திருக்கும். ஒரு மாதத்தில் முப்பது சீசன். அத்தனை சீசன் பார்த்த ஆபரேட்டர் நம் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருப்பார்.

மாங்கூழ் லைனில் அப்படி என்ன கடினம்? கூழைச் சூடாக்கி டிரம்மில் நிரப்புவதுதானே?

சூடாக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மாங்கூழின் பி.எச். சுமார் 4. அமில உணவுக்கு எல்லையான 4.6-க்குக் கீழே இருப்பதால் 100 டிகிரியை ஒட்டிய வெப்பமே கிருமிகளை அடக்கப் போதும். ஆனால் அந்த வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் நிற்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் சரக்கு பாதுகாப்பில்லை. ஐந்து டிகிரி கூடினால் நிறம் கறுக்கும், வாசனை போகும், வாங்குபவர் விலையைக் குறைப்பார். இந்தக் குறுகிய சந்துக்குள் கூழை நடத்திக்கொண்டு போக வேண்டும்.

கூழ் தண்ணீரைப் போல ஓடாது. வேகமாகத் தள்ளினால் இளகும், மெதுவாக விட்டால் இறுகும். காலையில் பெங்களூரா ரகம் ஓடியிருக்கும், மதியம் அல்போன்சா வரும். கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 14-இலிருந்து 17, 18-க்குத் தாவும். ஓட ஓடக் குழாயின் உள்சுவரில் கூழ் ஏடாகப் படியும். சூடு உள்ளே போவது குறையக் குறைய, காலையில் போதுமாக இருந்த ஸ்டீம் மாலையில் போதாது. இத்தனைக்கும் மேல், ஸ்டீம் ஒரே பாய்லரிலிருந்து வருகிறது. கெட்டிக் கூழ் செய்ய, நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரைத் தொடங்கியவுடன், ஸ்டீமைப் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாயான ஹெடரில் பிரஷர் இறங்கும். அந்த இறக்கம் வெப்பநிலையில் தெரிய நேரமாகும், ஏனென்றால் கூழ் சூடேற்றும் குழாயைக் கடக்கவே ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். அதற்குமேல் வெப்பநிலை அளக்கும் பி.டி.100 சென்சாரின் தாமதம் வேறு.

வெப்பம் எல்லைக்குக் கீழே இறங்கினால் டைவர்ஷன் வால்வு கூழைத் திருப்பி, சூடேறுவதற்கு முன் கூழ் நிற்கும் பேலன்ஸ் டேங்குக்கு அனுப்பும். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் அந்தக் கூழ் இரண்டாம் முறை வேகும். டேங்குக்குள் ஏற்கெனவே சூடான கூழ் கலந்ததால் உள்ளே வரும் வெப்பநிலை ஏறும், கட்டுப்பாடு மறுபடி தடுமாறும், சில சமயம் அடுத்த டைவர்ஷனுக்கு அதுவே காரணமாகும்.

அனுபவமுள்ள ஆபரேட்டர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால் பாடம் கிடைக்கும். அடுத்த ஹாலில் எவாப்பரேட்டர் வேக்குவம் பம்ப் தொடங்கும் சத்தம் கேட்டதுமே, திரையில் எண் அசைவதற்கு முன், ஸ்டீம் வால்வை ஒரு நூல் கூடத் திறந்துவிடுவார். பாய்லரில் விறகு ஈரமாக இருக்கிறது என்று ஷிஃப்ட் மாறும்போது யாராவது சொல்லியிருந்தால் அன்று முழுக்க ஓட்டத்தைச் சற்றுக் குறைத்தே வைப்பார். பி.ஐ.டி.க்கு இந்தச் செய்திகள் எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஹெடர் பிரஷர், எவாப்பரேட்டர் ஸ்டார்ட் சிக்னல், கூழின் பிரிக்ஸ் இவற்றையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தால், ஆபரேட்டர் செய்வதைப் போல முன்கூட்டியே அசைய மென்பொருளுக்கும் வழி பிறக்கும்.

மாதிரி ஆலையை எதை வைத்துக் கட்டுவது?

பௌதிகத்தில் தொடங்குங்கள். வெப்பக் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். மணிக்கு 4 டன் கூழை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்று வைப்போம். கூழின் தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 3.7 கிலோஜூல். 4,000-ஐ 3.7-ஆலும் 65-ஆலும் பெருக்கினால் மணிக்குச் சுமார் 9.6 லட்சம் கிலோஜூல். 3 பார் பிரஷரில் ஒரு கிலோ ஸ்டீம் நீராகும்போது விடும் வெப்பம் ஏறத்தாழ 2,130 கிலோஜூல். வகுத்தால் மணிக்குச் சுமார் 450 கிலோ ஸ்டீம். உங்கள் லைன் இதைவிட மிக அதிகமாகக் குடிக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. மாதிரி கட்டும் வேலையின் முதல் நாளிலேயே இப்படி ஓர் உண்மை வெளியே வந்துவிடுவதுண்டு.

அடுத்து குழாயைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கூழ் எவ்வளவு சூடு வாங்குகிறது, சுவர் எவ்வளவு, படிந்த ஏடு எவ்வளவு தடுக்கிறது என்று எழுத வேண்டும். வால்வு முழுதாகத் திறக்க எத்தனை நொடி, சென்சார் எவ்வளவு பின்தங்கும், டைவர்ஷன் எந்த எண்ணில் விழும், இவையெல்லாம் சேர வேண்டும். பௌதிகம் சொல்லாத இடங்களை, குறிப்பாக ஏடு படியும் வேகத்தை, உங்கள் ஆலைப் பதிவிலிருந்துதான் எடுக்க முடியும்.

எங்களிடம் லாக் புக் இருக்கிறது. அது போதுமா?

மணிக்கு ஒரு முறை கையால் எழுதிய எண், கணக்குக்கும் ஆடிட்டுக்கும் சரி. மாதிரி கட்ட ஆகாது. ஒரு டைவர்ஷன் இரண்டு நிமிடத்தில் தொடங்கி முடிந்துவிடும், மணிக்கணக்கில் எழுதும் புத்தகத்தில் அது தென்படாது. நொடிக்கு ஒன்று, குறைந்தது ஐந்து நொடிக்கு ஒன்று என்று எண்கள் தானாகப் பதிவாக வேண்டும். பேனலில் உள்ள எச்.எம்.ஐ. எனும் இயக்குத் திரைகள் பலவற்றில் பென் டிரைவில் பதியும் வசதி ஏற்கெனவே இருக்கும், யாரும் அதை ஆன் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் லாக் புக்கைத் தூக்கி எறியாதீர்கள். "மாலை 4.20, விறகு ஈரம், பிரஷர் இல்லை", "பழம் ரொம்பக் கனிந்தது" என்று ஓரத்தில் எழுதிய வரிகள்தான், பதிவான கோடு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று சொல்லும்.

மாதிரி ஆலையும் அசல் ஆலையும் ஒன்றாக இல்லாவிட்டால்?

ஒன்றாக இருக்கவே இருக்காது. எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அளந்து தெரிந்துகொள்வதே இந்த வேலையின் உயிர்நாடி. நல்ல மென்பொருளை எழுதப் பலர் இருக்கிறார்கள். மாதிரியை நேர்மையாகச் சோதிப்பவர்கள் குறைவு. பணமும் நேரமும் குறைவாக இருந்தால் நான் இரண்டையும் இங்கேதான் போடச் சொல்வேன்.

சோதிக்கும் முறை இது. சீசனில் பதிவான நாட்களில் சிலவற்றைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்துப் பூட்டி வையுங்கள். மாதிரியைச் சரிசெய்யும்போது அவற்றைத் தொடவே கூடாது. எல்லாம் முடிந்த பிறகு, அந்த நாளின் ஓட்டம், வால்வு நிலை, உள்ளே வந்த கூழின் வெப்பம், ஹெடர் பிரஷர் இவற்றை மட்டும் மாதிரிக்குக் கொடுத்து, வெளியே வரும் வெப்பநிலையை அது சொல்லட்டும். அசல் கோட்டையும் அதையும் ஒரே தாளில் வரையுங்கள். அமைதியாக ஓடிய மணிநேரங்களில் இரண்டும் ஒட்டிப் போவது பெரிய விஷயமில்லை, எந்த மாதிரியும் அதைச் செய்துவிடும். காலையில் லைன் தொடங்கும் நேரம், பிரஷர் விழுந்த நேரம், பெங்களூராவிலிருந்து அல்போன்சாவுக்கு மாறிய நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே கோடுகள் பிரிந்தால் மாதிரி இன்னும் தயாரில்லை. சராசரிப் பிழை 1 டிகிரி என்று ஒரே எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்க வருபவரிடம், பிரஷர் விழுந்த அந்தப் பத்து நிமிடத்தைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

எவ்வளவு திருத்தினாலும் மிச்சம் ஒரு விலகல் நிற்கும். அதற்கு வேறொரு வழி உண்டு. ஒரே ஒரு மாதிரி ஆலையில் பழக்காமல், சற்றுச் சற்று மாறிய ஆயிரக்கணக்கான ஆலைகளில் பழக்குவது. ஒன்றில் பிரிக்ஸ் 13, இன்னொன்றில் 18. ஒன்றில் சென்சார் 5 நொடி பின்தங்கும், இன்னொன்றில் 20 நொடி. ஒன்றில் ஏடு மெதுவாகப் படியும், இன்னொன்றில் விறுவிறுவென்று. இத்தனையிலும் தாக்குப்பிடிக்கக் கற்ற மென்பொருளுக்கு, உங்கள் அசல் ஆலை இன்னும் ஒரு ஆலை மட்டுமே. ரோபோ ஆராய்ச்சியாளர்கள் 2017 வாக்கில் இந்த உத்திக்கு டொமைன் ரேண்டமைசேஷன் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே ஓப்பன்ஏஐ நிறுவனம், முழுக்க முழுக்க சிமுலேஷனில் மட்டும் பழகிய ஒரு ரோபோக் கையைக் கொண்டு அசல் கட்டையை விரல்களுக்குள் உருட்டிக் காட்டியது.

மென்பொருளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

மிகுந்த கவனத்தோடு. நீங்கள் மனத்தில் நினைத்ததை அது செய்யாது, நீங்கள் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யும். வெப்பநிலை 95-இல் நிற்க வேண்டும் என்று மட்டும் எழுதினால், கூழின் ஓட்டத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஓட்டம் இல்லாதபோது வெப்பநிலையைப் பிடித்து வைப்பது சுலபம். ஸ்டீம் மிச்சத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் லைனையே நிறுத்தும். டைவர்ஷனுக்குக் கடும் தண்டனை வைத்தால், எப்போதும் நான்கு டிகிரி கூடுதலாக வைத்து ஓட்டும். டைவர்ஷன் வராது, கூழ் கறுத்துவிடும்.

எனவே மணிக்கு எத்தனை கிலோ நல்ல கூழ் டிரம்முக்குப் போனது என்பதை முதலில் வையுங்கள். அதிக வெப்பத்தில் கூழ் கழித்த நேரத்துக்குக் கழிவு, டைவர்ஷனுக்குக் கழிவு, வால்வை வீணாக ஆட்டுவதற்குச் சிறு கழிவு. எது எவ்வளவு என்பதை என்ஜினியர் தனியாக முடிவுசெய்யக் கூடாது. ஒரு டிரம் நிறம் கறுத்தால் எவ்வளவு நஷ்டம், அரை மணி நேரம் லைன் நின்றால் எவ்வளவு என்று முதலாளி, தரம் பார்க்கும் கியூ.சி., புரொடக்ஷன் மூவரும் உட்கார்ந்து ரூபாயில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நிஜமாகவே எங்காவது ஓடியிருக்கிறதா?

ஓடியிருக்கிறது. ஜப்பானில் யோகோகாவா, ஜே.எஸ்.ஆர். நிறுவனங்கள் 2022 ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வேதி ஆலையின் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை 35 நாள் தொடர்ந்து செயற்கை நுண்ணறிவின் கையில் விட்டன. அதுவரை அங்கே ஆபரேட்டர்கள் கையால்தான் வால்வுகளைத் திருப்பி வந்தார்கள், பி.ஐ.டி.க்கு அது கட்டுப்படவில்லை. அவர்கள் போன வழியைப் பாருங்கள்: முதலில் ஆலை சிமுலேட்டரில் பழக்கினார்கள், பிறகு பழைய பதிவுகளைக் கொடுத்து அதன் முடிவுகள் நியாயமாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள், அதற்கும் பிறகே அசல் ஆலை. நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து 2018-இல் உருவாக்கிய கணக்கு முறை அது.

அதே 2022-இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள டி.சி.வி. என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியில், கூகுளின் டீப்மைண்ட் குழு சிமுலேட்டரில் மட்டும் பழக்கிய மென்பொருள் 19 காந்தச் சுருள்களையும் ஒருசேர இயக்கி பிளாஸ்மா என்ற மிகச் சூடான மின்வாயுவின் வடிவத்தைப் பிடித்து வைத்தது. மாங்கூழுக்கும் அதற்கும் வெகுதூரம். அசலைத் தொட்டுப் பழக வாய்ப்பில்லாத நிலை மட்டும் இரண்டுக்கும் பொது.

தப்பான முடிவு எடுத்து ஆபத்து வந்தால் யார் பொறுப்பு?

ஆபத்தைத் தடுக்கும் வேலையை இந்த மென்பொருளிடம் கொடுக்கவே கூடாது. டைவர்ஷன் வால்வு, சேஃப்டி வால்வு, பாய்லரின் நீர்மட்டக் காவல், எமர்ஜென்சி ஸ்டாப் இவை எல்லாம் இன்று எப்படித் தனியாக இருக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும். அவற்றின் வயரிங்கையோ பி.எல்.சி. நிரலையோ யாரும் தொட வேண்டாம். ஐ.இ.சி. 61511 என்ற பாதுகாப்புத் தரம் வலியுறுத்துவதும் இதையே: ஓட்டுகிற கட்டுப்பாடும் காக்கிற கட்டுப்பாடும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

ஓட்டும் வேலையையும் படிப்படியாகத்தான் ஒப்படைக்க வேண்டும். முதல் சீசனில் அது திரையில் யோசனை மட்டும் சொல்லட்டும். ஆபரேட்டர் தன் விருப்பப்படி ஓட்டட்டும், இருவரும் எங்கே வேறுபட்டார்கள் என்று ஷிஃப்ட் முடிவில் பாருங்கள். அடுத்து, பி.ஐ.டி. பிடித்து வைக்க வேண்டிய இலக்கு எண்ணான செட்பாயிண்டை மட்டும் ஒன்றிரண்டு டிகிரி வரம்புக்குள் மாற்ற அனுமதியுங்கள். வால்வை நேரடியாகக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பல ஆலைகள் அந்தப் படிக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது. எந்தப் படியிலும் ஆபரேட்டர் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே பழைய பி.ஐ.டி.க்குத் திரும்ப வேண்டும்.

தருமபுரியில் மாங்கூழ் இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

குடிநீர் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்றுப் பள்ளத்திலிருந்து மேட்டு நிலத்துக்கு நீர் ஏற வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆயிரம் லிட்டர் நீரை 200 மீட்டர் ஏற்ற, கணக்குப்படி 0.55 யூனிட் மின்சாரம் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனில் ஓடினால் 0.78 யூனிட் ஆகும். பெரிய குடிநீர்த் திட்டம் எதிலும் மின்கட்டணமே தலைவலி. எந்தப் பம்பை எப்போது ஓட்டுவது, எந்தத் தொட்டியை இரவிலேயே நிரப்பி வைப்பது, உச்ச நேரத்தில் எவ்வளவு தாக்குப்பிடிக்கலாம் என்பது சிமுலேஷனுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சிக்கல். அசலில் சோதித்துப் பார்த்தால், பிசகியவுடன் ஏதோ ஒரு ஊரில் குடங்கள் காலியாக நிற்கும். அந்த உரிமை எந்த என்ஜினியருக்கும் கிடையாது.

இதற்கான கருவி இலவசம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட இபாநெட் மென்பொருளில் குழாய், தொட்டி, பம்ப், வால்வு எல்லாவற்றையும் வரைந்து மணிக்கு மணி நீரோட்டத்தைக் கணக்கிடலாம். உலகம் முழுக்க குடிநீர் என்ஜினியர்கள் பயன்படுத்துவது அதைத்தான். ஒரு பேரூராட்சியின் தொட்டிகளையும் ஒரு பம்ப் ஹவுஸையும் எடுத்துக்கொண்டு சிறிய அளவில் தொடங்கலாம்.

சர்க்கரை ஆலை, கிரானைட், ஓசூர் ரோபோக்கள்?

பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைப் போன்ற இடங்களில் பாய்லர், எவாப்பரேட்டர், பாகைக் காய்ச்சும் பான் மூன்றும் ஒரே ஸ்டீமைப் பங்கிடுவதால் மாங்கூழுக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும். அங்கும் சீசன்தான்.

கிரானைட் அறுக்கும் இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு பிளாக்கும் வேறு, உள்ளே ஓடும் மயிரிழை விரிசல் எந்த மாதிரிக்கும் முன்கூட்டித் தெரியாது. மோட்டார் கரண்டையும் அதிர்வையும் அளந்து எச்சரிக்கும் எளிய ஏற்பாடு அங்கே அதிகப் பலன் தரும்.

ஓசூர் பக்கம் வாகனத் தொழிற்சாலைகளில் ரோபோக் கைகளையும் தானாக நகரும் டிராலிகளையும் கசெபோ, முஜோகோ, ஐசக் சிம் போன்ற சிமுலேட்டர்களில் பழக்கலாம். மூன்றையும் இலவசமாகவே பதிவிறக்கலாம். கேமராவில் பார்த்து வேலை செய்யும் ரோபோ என்றால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும்.

மாங்கூழ் லைனுக்கு என்ன கணினி, என்ன மென்பொருள் வாங்க வேண்டும்?

அலுவலகத்தில் டேலி ஓடும் கணினியைவிடச் சற்று நல்லது ஒன்று போதும், கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. மாதிரியை ஓப்பன்மாடலிகா என்ற சிமுலேஷன் மென்பொருளிலோ நேரடியாகப் பைத்தானிலோ எழுதலாம். பழக்குவதற்கு ஜிம்னாசியம், ஸ்டேபிள் பேஸ்லைன்ஸ் என்ற பைத்தான் நூலகங்கள் உள்ளன. எல்லாமே இலவசம். சிமுலிங்க் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். செலவு முழுக்கச் சென்சாரிலும், தெரிந்த ஆளின் சம்பளத்திலும்தான்.

"எல்லாம் நாங்களே செய்து தருகிறோம்" என்று கம்பெனிகள் வருகின்றன. ஒப்படைத்துவிடலாமா?

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: மாதிரி ஆலையின் மூல நிரலும் உங்கள் ஆலைப் பதிவுகளும் உங்களுக்கே சொந்தம். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. பான்சாய் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2018-இல் வாங்கியது. தொழிற்சாலை என்ஜினியர்களே சிமுலேட்டரை இணைத்து மென்பொருளைப் பழக்கும்படி, புராஜெக்ட் பான்சாய் என்ற பெயரில் அருமையான ஒரு சேவையை நடத்தியது. இந்தத் துறையில் பலருக்கு வழிகாட்டியது அது. 2023-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. சிமுலேட்டரைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் வேறு கருவியில் மறுபடி பழக்கிக்கொள்ள முடியும். பழக்கும் மென்பொருள் வருடத்துக்கு வருடம் மாறும், உங்கள் ஆலையின் மாதிரி நெடுநாள் நிற்கும். எஃப்.எம்.ஐ. என்ற பொதுத் தரத்தில் அதை ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள், பல கருவிகள் அதைத் திறக்கும்.

ஆபரேட்டர் வேலை போய்விடுமா?

இந்தக் கேள்வியை எப்போதும் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள், அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். கூழைச் சூடாக்கும் ஸ்டெரிலைசர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டிய தேவை இதனால் போகாது. பழம் மாறுவது, கேஸ்கட் ஒழுகுவது, பம்ப் காற்றிழுப்பது இவற்றையெல்லாம் யாராவது பார்த்தாக வேண்டும். மாறுவது, வால்வு எண்ணையே வெறித்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது.

ஆனால் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. மாதிரி ஆலை சரியாக வருவதற்கு ஆபரேட்டர் வாய் திறந்து பேச வேண்டும். "எவாப்பரேட்டர் தொடங்கும்போது நான் இப்படிச் செய்வேன்" என்று அவர் சொல்லும் ஒரு வரி, மாதக்கணக்கான பதிவுக்குச் சமம். தன் வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று பயந்தால் அவர் சொல்ல மாட்டார், அந்த மௌனத்துக்குரிய விலையை மாதிரி கொடுக்கும். வேலை உறுதி என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், இந்தப் பணிக்காக ஆஃப் சீசனில் அவரை அழைத்தால் அதற்குச் சம்பளமும் கொடுங்கள்.

அதே சிமுலேட்டரில் புது ஆட்களையும் உட்கார வைக்கலாம். பிரஷர் விழும் நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, என்ன செய்வாய் என்று கேட்கலாம். இது ஒன்றுக்காகவே சிமுலேட்டர் கட்டியது வீணாகாது.

நான் டிப்ளமோ மாணவன். எங்கே தொடங்குவது?

பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் ஓப்பன்மாடலிகா, டி.டபிள்யூ.சிம் என்ற வேதி ஆலை சிமுலேட்டர் இரண்டுக்கும் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. அவற்றோடு பைத்தான் கொஞ்சம். பெரிய ரோபோ வீடியோக்களைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒரு வாளி, ஒரு இம்மர்ஷன் ஹீட்டர், ஒரு வெப்பநிலை சென்சார் எடுத்துக்கொள்ளுங்கள். நீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடாகும் என்று மாதிரி எழுதி, அசலோடு வைத்துப் பாருங்கள். கையை வாளியில் விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன, ஏன் என்று உங்களால் விளக்க முடிந்தால், பர்கூர் அல்லது தருமபுரி அரசு பொறியியல் கல்லூரிக்கு லேட்டரல் என்ட்ரியில் போகும்போது இறுதியாண்டு புராஜெக்ட் பாதி முடிந்த மாதிரி.

அடுத்த சீசனுக்குள் எல்லாம் தயாராகிவிடுமா?

தயார் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். வரும் சீசனில் பதிவு மட்டும் எடுங்கள். ஏப்ரலிலேயே பி.டி.100-களையும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்களையும் அளவுத் திருத்தம் செய்து, ஹெடர் பிரஷருக்கு ஒன்று இல்லையென்றால் வாங்கிப் போட்டு, எல்லா எண்ணும் ஒரே கடிகார நேரத்தில் பதிவாகிறதா என்று ஒரு நாள் தண்ணீர் விட்டு ஓட்டிப் பாருங்கள். சீசன் முடிந்தபின் ஆறேழு மாதத்தில் மாதிரியைக் கட்டி, பூட்டி வைத்த நாட்களோடு ஒப்பிடலாம். அதற்கடுத்த சீசனில் மென்பொருள் யோசனை சொல்லத் தொடங்கும். செட்பாயிண்ட் அதன் கைக்குப் போவது மூன்றாவது சீசனில், அதுவும் ஆபரேட்டர்கள் கேட்டால்.